நண்டுக்குக் கிடைத்த விலக்கு

2025 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். முகம் கழுவி, இரவுக் காற்று கொண்டுவந்து கொட்டியிருந்த மணலைக் கூட்டி ஒதுக்கினேன். சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் முற்றம் கூட்டுவது என்றால் மணலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அனுப்புவதுதான். பிறகு புட்டு அவித்தேன், சொதி வைத்தேன். மகளை எழுப்பப் போனபோது அவள் ஏற்கெனவே மேசையில் இருந்தாள். கணவர் கடற்கரைக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு முதல் மணி அடித்தது. ஆறரைப் பூசைக்கு நானும் மகளும் நடந்து போனோம். வழக்கமான ஞாயிறு. பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

பங்குத்தந்தை தாளைப் பார்த்து வாசித்தார். அடுத்த ஞாயிறு தொடக்கம் எங்கள் பங்கின் எல்லைக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகலுக்கு முன் எந்தத் தனியார் வகுப்பும் நடத்தப்படக் கூடாது. பங்கு மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பும் வகுப்புகளுக்குக் கொடுக்கப்பட மாட்டாது. இது பங்குச் சபையின் ஏகமனதான தீர்மானம்.

மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன் வாங்கின் முதுகைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களை மட்டும் பார்த்தேன். எனக்குக் காது சூடாகியது. ஏகமனது என்றால் ஒருவரும் மறுக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சபையில் என் கணவரும் இருக்கிறார்.

எங்கள் ஊர், மன்னார்ப் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில், வடகடலைப் பார்த்த பக்கம் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். ஒரே மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. கார்த்திகையில் பரீட்சை. பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். நான் திணித்தது அல்ல. அவளுடைய பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியர் தை மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போனார். அவருடைய இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் கடமையேற்கவில்லை. கேட்கப் போனால், ஆள் போட்டாயிற்று என்பார்கள். ஆளைத் தாளில் போட்டிருந்தார்கள், வகுப்பில் போடவில்லை. பௌதிகவியல் பாடவேளைகளில் பிள்ளைகள் மைதானத்து வேம்பின் கீழ் இருந்து பழைய வினாத்தாள்களை ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்திக்கொண்டார்கள். விளங்காத இடத்தில் எல்லோருக்கும் ஒன்றாக விளங்கவில்லை.

பெற்றோர்கள் சிலர் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியரைப் பிடித்தோம். கிழமை நாட்களில் அவருக்குப் பாடசாலை. சனி கிளிநொச்சியில் வகுப்பு. ஞாயிறு பின்னேரம் யாழ்ப்பாணத்தில் இன்னொரு வகுப்பு. மிச்சம் இருந்தது ஞாயிறு காலை மட்டும். விடியமுன் பஸ் ஏறி, மன்னாரில் இறங்கி, தலைமன்னார் பஸ்ஸில் மாறி, ஒன்பதேகால் போல எங்கள் சந்தியில் இறங்குவார். மதியம் பன்னிரண்டரைக்கு முடித்துவிட்டு, சாப்பாட்டுப் பார்சலையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார். வாங்குகளும் மின்விசிறியும் உள்ள இடம் ஊரில் பங்கு மண்டபம் ஒன்றுதான். கரும்பலகை இருக்கவில்லை, நாங்களே பலகை வாங்கிக் கறுப்புப் பூசினோம். ஓட்ட மின்னியலும் இலத்திரனியலும் இன்னும் படிப்பிக்கவில்லை. நண்பகலுக்குப் பிறகு நடத்துங்கள் என்பதும் நடத்த வேண்டாம் என்பதும் இந்த வகுப்புக்கு ஒன்றுதான். சபைக்கு அது தெரியும். என் கணவருக்கு நன்றாகவே தெரியும், பிள்ளைகள் சேர் என்று கூப்பிடும் அந்த ஆசிரியரின் பஸ் நேரங்களைக் கேட்டு வந்து சொன்னவர் அவர்தான்.

பூசை முடிந்ததும் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே கடற்கரைக்குப் போனேன்.

என் கணவர் ஒரு நண்டுக் கம்பெனிக்கு ஊரில் நண்டு வாங்கிக் கொடுப்பவர். கரையில் தகரக் கொட்டில் ஒன்று வைத்திருக்கிறார். சீமெந்துத் தரை, கூரையின் நடு வளையில் தொங்கும் தராசு, ஐஸ் பெட்டிகள். எட்டரைக்குக் கம்பெனி லொறி வரும். நான் போனபோது தராசில் கூடை ஆடிக்கொண்டிருந்தது.

"எப்ப கூடினீங்கள்?" என்று கேட்டேன்.

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "வியாழன் பின்னேரம்."

"எனக்குச் சொல்லேல்ல."

"சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? பத்து விசயம் கதைச்சது. தேர்ச் சில்லு, சவக்காலை மதில், அதுக்குள்ள இதுவும் ஒண்டு."

"உங்கட மகளின்ர வகுப்பு எண்டு தெரியாதோ?"

"தெரியும்." தராசைப் பார்த்தபடியே சொன்னார். "பாதர் கேட்டவர், ஆருக்கும் மறுப்பு இருக்கோ எண்டு. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நானும் திறக்கேல்ல."

"ஏன்?"

"சம்மாட்டியார் பக்கத்தில இருந்தவர்."

சம்மாட்டியார் பங்குச் சபைத் தலைவர். ஊரில் அதிக வள்ளங்கள் அவருடையவை. இந்தக் கொட்டிலுக்கு வரும் நண்டில் பெரும்பகுதி அவருடைய வலையில் பட்டது. என் கணவர் வாய் திறக்காததற்கு முழுக் காரணமும் அந்தக் கூடையில் கால்களை விரித்துக்கொண்டு கிடந்தது.

நான் கத்தினேன். கடற்கரையில் நின்று கத்துவது என் பழக்கம் இல்லை. நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "அக்கா, மெல்லக் கத்துங்கோ. பயத்தில நண்டு காலைக் கழட்டிப்போட்டால் கம்பெனி எடுக்காது. பிறகு அண்ணை எங்களைக் கத்துவார்" என்றாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒன்று என் மண்டைக்குள் போய் இருந்துகொண்டது.

முன்பெல்லாம் எங்கள் ஊரில் சனி இரவு எந்த வள்ளமும் இறங்காது. ஞாயிறு ஓய்வு நாள். இறங்கியவன் கோயிலுக்குக் குற்றப்பணம் கட்ட வேண்டும். நண்டுக் கம்பெனி வந்த பிறகு அந்தச் சட்டம் இடித்தது. சனிக்கிழமை விட்ட வலையைத் திங்கள் வரைக்கும் கடலில் விட்டால் நண்டு செத்துப் பழுதாகும். பங்குச் சபை கூடியது. நண்டுக்காரர் சனி பின்னேரப் பூசை கண்டுவிட்டு, ஞாயிறு விடிய வலை எடுக்கலாம் என்று விலக்குக் கொடுத்தது. பிரேரித்தவர் சம்மாட்டியார். அந்த விலக்கில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. நண்டு பழுதாகும் என்பது உண்மை. ஆனால் அந்த ஊருக்குத்தான், அதே சபைக்குத்தான், அதே தலைவருக்குத்தான் இப்போது ஞாயிறு ஓய்வு நாள் என்று திடீரென்று ஞாபகம் வந்திருந்தது.

ஒன்பதேகாலுக்குச் சேர் இறங்கினார். மண்டப வாசலில் வைத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "அம்மா, நான் மறைக்க விரும்பேல்ல. வவுனியாவில ஒரு குறூப் ரெண்டு மாசமா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கு. ஒரு ஞாயிறு எண்டால் நான் சமாளிப்பன். அதுக்கு மேல வெறும் நாளா விட ஏலாது" என்றார். நியாயம். அவரிடம் கோபிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கும் அவரே சொன்னார். பிறகு பக்கத்து ஊரிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், எங்க ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லத்தானே? நாங்க பங்கில இல்லையே."

"ஓம், உங்கள் ரெண்டு பேரையும் உள்ளுக்கு வச்சுப் படிப்பிக்கிறன். மிச்ச ஆக்கள் யன்னலுக்கு வெளியால நிண்டு எட்டிப் பாக்கட்டும்."

"அப்ப மின்விசிறி முழுக்க எங்களுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். கொப்பியைத் திறந்தாள். அந்தச் சிரிப்பு என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பெரியவர்கள் கெடுத்து வைப்பதைப் பகிடியாக்கிச் சமாளிக்க இந்தப் பிள்ளைகள் எவ்வளவு பழகிவிட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்கும் மறைப்பள்ளி முடிந்து அவர்கள் வெளியேறும் வரை காத்திருந்து பங்குமனைக்குப் போனேன். பங்குத்தந்தை விறாந்தையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் சம்மாட்டியார், கையில் தேநீர்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் பாதர்.

நான் இருக்கவில்லை. "மண்டபத் திறப்பைப் பற்றிக் கதைக்க வந்தனான், பாதர்."

பாதர் இளைஞர், இந்த வருடம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். கெட்டவர் அல்லர். "உங்கட கோவம் விளங்குது. ஆனா என்ர பக்கத்தையும் பாருங்கோ. மறைப்பள்ளியில சின்னாக்களுக்குப் படிப்பிக்கிறது இந்தப் பெரிய வகுப்புப் பிள்ளையள்தான். உங்கட மகள் ரெண்டாம் வகுப்பை எவ்வளவு வடிவா நடத்தினவ. வைகாசியோட நிண்டிட்டா. அவவைப் பாத்து மற்றவையளும் நிண்டிட்டினம். நான் ஆரை வச்சு நடத்திறது?"

அது உண்மை. அதை மறுக்க எனக்கு வழி இல்லை. "கார்த்திகையில பரீட்சை, பாதர். முடிஞ்ச அடுத்த ஞாயிறு அவ வருவா. அதுவரைக்கும் ரெண்டாம் வகுப்பை நான் எடுக்கிறன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. பதில் சொல்வதற்குள் சம்மாட்டியார் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். "தங்கச்சி, ஆறு நாள் கிடக்குப் படிக்க. ஞாயிறு ஆண்டவருக்கு உரியது. அதையும் விட்டுப்போட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"உங்கட மகனுக்கு யாழ்ப்பாணத்தில ஞாயிறு எத்தனை மணிக்கு வகுப்பு, அண்ணை?"

அவருடைய மகனும் இதே பரீட்சைதான் எடுக்கிறான். யாழ்ப்பாணத்தில் போடிங் விடுதியில் நின்று படிக்கிறான். அவருடைய மனைவி போன கிழமை மருந்து எடுக்க வந்தபோது, யன்னலுக்கு வெளியே நின்று, "என்ர பிள்ளைக்கு ஞாயிறும் ஓய்வில்லை, விடிய ஏழு மணிக்கே வகுப்பு" என்று வரிசை முழுவதற்கும் கேட்கச் சொன்னவர்.

"அது அங்கத்த பங்கு" என்றார் சம்மாட்டியார்.

"அங்க ஆண்டவர் வேறயோ?"

பாதருக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று எனக்குத் தெரியாது.

"அவன் போடிங்கில நிக்கிறான். அங்க வகுப்பு வைக்கினம், போறான். அதுக்கு நான் என்ன செய்ய?"

"என்ர மகளுக்குப் போடிங் இல்லை, அண்ணை. அவவுக்கு இந்த மண்டபம்தான் கிடக்கு."

அப்போதுதான் அவர் அந்த வசனத்தைச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். "ஏன் தங்கச்சி இப்பிடிப் பதறுறாய்? மன்னாருக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே. உன்ர மகள் கெட்டிக்காரி. எப்பிடியும் கம்பஸுக்கு எடுபடுவாள்."

இந்த வசனத்தை நான் எத்தனையோ இடத்தில் கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் கலியாண வீட்டில் சொல்வார்கள், பொறாமையோடு. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள், பகிடியாக. எங்கள் ஊரவனே சொல்வான் என்று நினைத்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுபடும் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். எங்களுக்கு ஏன் குறைவு? இங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, அதனால் குறைவு. ஆசிரியர் இல்லாததற்குத் தந்த நட்டஈட்டை, ஆசிரியர் தேவையில்லை என்பதற்குக் காரணமாக்குகிறார்கள். கொழும்புப் பிள்ளைக்கும் என் மகளுக்கும் கொடுக்கப்படுவது ஒரே வினாத்தாள். இலத்திரனியல் கேள்வி அவளுக்காக லேசாகப் போவதில்லை. குறைந்த புள்ளியோடு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், முதல் நாள் விரிவுரையில் அவள் பக்கத்தில் இருக்கப்போவது எல்லாம் படிப்பித்து முடிக்கப்பட்ட பிள்ளை. அங்கே வெட்டுப்புள்ளி பார்த்து எவரும் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. கோபத்தில் எனக்கு நீளமாகப் பேச வராது.

"நண்டுக்கு விலக்குக் குடுத்தனீங்கள், அண்ணை. நீங்கள்தான் பிரேரிச்சது" என்றேன்.

"அது வேற. நண்டு திங்கள் வரைக்கும் கிடந்தால் பழுதாப் போயிடும்."

"இதுவும் பழுதாப் போயிடும்."

சம்மாட்டியார் பாதரைப் பார்த்தார். பாதர் தரையைப் பார்த்தார். "அடுத்த சபைக் கூட்டத்தில வைப்பம்" என்றார்.

"அது எப்ப, பாதர்?"

"வாற மாத முடிவில."

"அதுக்குள்ள சேர் வவுனியாவுக்குப் போயிடுவார்."

கடற்கரையில் அந்தப் பெண் சொன்னது அப்போது முன்னுக்கு வந்தது. நண்டு கால் கழற்றிவிடக் கூடாது என்று ஊரே மெதுவாகப் பேசுகிற ஓர் இடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் திறந்திருக்கச் சபையே அனுமதி கொடுத்த ஓர் இடம்.

"அப்ப வாற ஞாயிறு வகுப்பு எங்கட நண்டுக் கொட்டிலில நடக்கும்" என்றேன். "எட்டரைக்கு லொறி போயிடும். பிறகு கொட்டில் சும்மாதான் கிடக்கு. பிள்ளையளையும் சனி பின்னேரப் பூசைக்கு அனுப்புறம், நண்டுக்காரர் மாதிரி. இதை மறிக்கிறதெண்டால் லொறியையும் மறியுங்கோ."

சம்மாட்டியாருக்கு முகம் சிவந்தது. "கொட்டில் உன்ர புருசன்ர. அவன் சபையில ஒத்துக்கொண்டவன்."

"அவர் வாய் திறக்கேல்ல. ஒத்துக்கொள்ளுறது வேற."

பாதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் கேக்கிறீங்களோ, அறிவிக்கிறீங்களோ?"

"அறிவிக்கிறன், பாதர். நீங்களும் இண்டைக்கு அறிவிச்சனீங்கள்தானே."

படியிறங்கினேன். குருவானவரிடம் நான் வாழ்க்கையில் அப்படிப் பேசியதில்லை. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்கவில்லை. வகுப்பு முடிந்து சேர் பஸ்ஸுக்கு ஓடும்போது, அடுத்த ஞாயிறு வாருங்கள், இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மண்டபத்தைப் பூட்டித் திறப்பை எடுத்து வந்தேன். ஞாயிறு வாங்கும் திறப்பைத் திங்கள் காலையில் பங்குமனையில் கொடுப்பதுதான் எங்கள் ஒழுங்கு.

பின்னேரம் கணவர் வந்தபோது கதை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மீன் வாடியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கதிரையில் இருந்தார்.

"என்னைக் கேக்காம என்ர கொட்டிலைக் குடுத்திட்டாய்."

"என்னைக் கேக்காம என்ர மகளின்ர வகுப்பைக் குடுத்தனீங்கள்."

"சம்மாட்டியார் நண்டை வேற ஆளுக்குக் குடுத்தால்?"

"இந்தப் பக்கத்துக்கு வாறது ஒரு லொறி. அவர் வேற எங்க குடுக்கிறது?"

"கொட்டில் நாறும்."

"மண்டபத்தில வௌவால் நாறினது. அதுக்குள்ளதான் இவ்வளவு நாளும் படிச்சதுகள்."

அறைக்குள் இருந்த மகள் வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள், எங்கள் இருவருக்கும் கேட்காமல். "அம்மா, எனக்காண்டி ஊரோட கொழுவாதேங்கோ. நானே பாத்துப் படிக்கிறன்" என்றாள்.

"இலத்திரனியலை நீயே பாத்துப் படிப்பியோ?"

இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொய் சொல்லாத பிள்ளை. பிறகு தகப்பனைப் பார்த்து, "அப்பா, கொட்டிலில பிளக் இருக்கோ? சேர் மின்சுற்று பூட்டிக் காட்டுறவர்" என்று கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த மௌனம் வியாழக்கிழமை சபையில் அவர் இருந்த மௌனமாகவே தெரிந்தது. இன்னொரு தடவை அவர் அப்படியே இருந்துவிட்டால் என்ன சொல்வது என்று என் வாயில் வசனங்கள் அடுக்கி இருந்தன. ஒன்றும் நல்ல வசனம் இல்லை.

"ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில ஒண்டு கிடக்கு" என்றார். "ஈரம். மாத்திப் பூட்ட வேணும்."

மகள் உள்ளே போனாள். நான் சோறு போட்டேன். அவரோடு மேற்கொண்டு பேசவில்லை. என் கோபம் அன்றைக்கு ஆறவில்லை, ஒரு பிளக்கோடு ஆறிவிடும் கோபமும் அல்ல அது.

செப்டம்பர் 1, திங்கட்கிழமை. எழுந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, மண்டபத்தின் திறப்பை ஆணியிலிருந்து எடுத்தேன். படலையைத் திறந்தபோது கணவர் பின்னால் வந்தார், நான் கூப்பிடவில்லை. மண்டபத்தைத் திறந்து, நாங்கள் கறுப்புப் பூசிய பலகையை இறக்கி, முன்பக்கத்தை அவரும் பின்பக்கத்தை நானுமாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். முதல் மணி அடித்தது. பூசைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வழி விட்டு நின்றார்கள், சம்மாட்டியாரும் நின்றார். அவருக்கு முன்னாலேயே கடற்கரைப் பக்கம் திரும்பினோம்.